டக்கோட்டா பொறந்த இடம்: சின்ன ஏர்போர்ட்னா என்ன, அது எதுக்கு?

பழைய ஓட்டை வண்டிய நம்ம ஊர்ல டக்கோட்டான்னு சொல்லுவோம்ல. உதைச்சு உதைச்சு கால் வலிச்சாலும் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர், கியர் போட்டா ஜன்னல் எல்லாம் சேந்து தாளம் போடுற மினி பஸ், இதெல்லாம் டக்கோட்டா. எங்க பெரியப்பா தன்னோட முட்டியவே அப்படித்தான் சொல்லுவாரு, "டக்கோட்டா ஆயிடுச்சுப்பா, இனிமே படி ஏற முடியாது"ன்னு. அந்தப் பேர்ல நிஜமாவே ஒரு பிளேன் இருந்துச்சு. டகோட்டாங்கிறது பிரிட்டிஷ் விமானப்படை வச்ச பேரு, பிளேனோட சொந்தப் பேரு டிசி-3, அதோட மிலிட்டரி மாடல் சி-47. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்புறம் ஆயிரக்கணக்குல மிச்சம் கிடந்துச்சு, நம்ம நாட்டு ஏர்லைன் கம்பெனிங்களும் வாங்கி ஓட்டுனாங்க, 1947 அக்டோபர் 27ஆம் தேதி ஸ்ரீநகர்ல நம்ம சிப்பாய்ங்கள கொண்டுபோய் இறக்குனதும் இந்த டகோட்டாதான். ஓடி ஓடி தேஞ்சு கடைசில பேரே கிண்டலா மாறிடுச்சுன்னுதான் நான் நினைக்கிறேன்.

அந்த டிசி-3 முதல்முதலா பறந்தது 1935 டிசம்பர் 17ஆம் தேதி, கலிஃபோர்னியாவுல சான்டா மோனிகாங்கிற கடற்கரை ஊர்ல, க்ளோவர் ஃபீல்டுன்னு ஒரு மைதானத்துல. அந்த இடம் இன்னைக்கும் ஏர்போர்ட்டாவே இருக்கு. ஆனா டிக்கெட் எடுத்துட்டு பெட்டியத் தள்ளிக்கிட்டு போய் போயிங்ல ஏறலாம்னு நெனச்சீங்கன்னா முடியாது, பெரிய ஏர்லைன் எதுவும் அங்க வராது. அங்க இருக்குறது எல்லாம் நாலு பேர் உக்கார்ற குட்டி பிளேனு, ஓட்டக் கத்துக்குற பசங்க, சில பணக்காரங்களோட ஜெட்டு. இந்த மாதிரி இடத்துக்குப் பேருதான் ஜெனரல் ஏவியேஷன் ஏர்போர்ட். இதப்பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை, ஏன்னா ஏர்போர்ட்னாலே நமக்கு மீனம்பாக்கம் மாதிரி ஒண்ணுதான் கண்ணு முன்னாடி வருது, இந்த சின்ன ஏர்போர்ட்டோட கதை யாருக்கும் தெரியறதில்ல.

மொதல்ல அந்த வார்த்தைய பாத்துடுவோம். விமானத்துல மூணு உலகம் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு மிலிட்டரி. ரெண்டு, டைம்டேபிள் போட்டு டிக்கெட் வித்து ஓடுற ஏர்லைன், அதாவது நம்ம கவர்மென்ட் பஸ் மாதிரி, ஆள் வந்தாலும் வராட்டியும் அந்த நேரத்துக்கு அது கிளம்பணும். இந்த ரெண்டுலயும் சேராத மிச்சம் எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி அமெரிக்காக்காரங்க ஜெனரல் ஏவியேஷன்னு சொல்றாங்க. ரோட்டோட ஒப்பிட்டா பஸ்சும் ராணுவ லாரியும் போக மிச்சம் ஓடுற கார், பைக், டிராக்டர், ஆம்புலன்ஸ், டிரைவிங் ஸ்கூல் வண்டி எல்லாமே. அதனாலதான் அந்தப் பேரு இவ்ளோ மொட்டையா இருக்கு. சொந்தமா பிளேன் வச்சிருக்குற டாக்டர், காட்டுத்தீய அணைக்கப் போற பிளேன், வயலுக்கு மருந்தடிக்கிறது, போலீஸ் ஹெலிகாப்டர், சினிமா ஷூட்டிங், கோடீஸ்வரரோட கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட்டு, எல்லாம் அதே மூட்டைக்குள்ளதான்.

அமெரிக்காவுல பொதுமக்கள் பயன்படுத்துற ஏர்போர்ட் சுமார் 5000 இருக்கு, அதுல ஏர்லைன் வந்து போறது ஒரு 500 சொச்சம்தான். அதாவது பத்துல ஒம்போது நம்ம சினிமாவுல பாக்குற ஏர்போர்ட்டே கிடையாது, ஒரு ரன்வே, நாலஞ்சு ஷெட்டு, ஒரு பெட்ரோல் பங்கு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்ட ஆரஞ்சு கலர்ல தொங்குற ஒரு துணிக்குழாய், அவ்ளோதான். நெறைய இடத்துல கண்ட்ரோல் டவர் கூட கிடையாது. அப்போ பிளேன் எப்படி மோதிக்காம இறங்குதுன்னு கேப்பீங்க. அந்த ஏர்போர்ட்டுக்குன்னு ஒரு பொது ரேடியோ அலைவரிசை இருக்கும், இறங்க வர்ற பைலட் ஒவ்வொருத்தரும் "நான் இங்க இருக்கேன், இந்தப் பக்கம் திரும்புறேன், இறங்கப்போறேன்"னு அதுல சொல்லிக்கிட்டே வருவாங்க, மலைப்பாதை வளைவுல ஹாரன் அடிச்சிட்டுத் திரும்புறோமே அதே கதைதான். சான்டா மோனிகாவுல டவர் இருக்கு, அது கொஞ்சம் பிஸியான இடம்.

இப்போ அந்த ஊர் கதைக்கு வரேன், ஏன்னா சின்ன ஏர்போர்ட் எப்படி உருவாகுது, எதுக்கு உதவுது, எதனால சாகுதுன்னு மூணையும் அந்த ஒரு இடத்துலயே பாத்துடலாம்.

முதல் உலகப்போர் சமயத்துல அது வெறும் வயக்காடு, பார்லி வெளஞ்ச நிலம்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்து பிளேனுக்கு சிமென்ட் ரன்வே எல்லாம் தேவையில்ல, சமமா ஒரு புல்வெளி இருந்தா போதும், காத்து எந்தப் பக்கம் வருதோ அதப் பாத்து நிறுத்தி கிளம்பிடலாம். போர்ல செத்துப்போன க்ளோவர்ங்கிற ஒரு விமானியோட பேரத்தான் 1923ல மைதானத்துக்கு வச்சாங்க. 1926ல அந்த நிலத்த நகராட்சியே வாங்கிடுச்சு, எந்தப் பணத்துலன்னா பார்க்குக்குன்னு ஜனங்க ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்ட கடன் பத்திரத்துல. பார்க் பணத்துல வாங்குன ஏர்போர்ட், இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

டொனால்ட் டக்ளஸ்னு ஒரு இன்ஜினியர். 1920ல ஒரு பார்பர் ஷாப்போட பின் ரூம்ல கம்பெனி ஆரம்பிச்ச மனுஷன். அப்புறம் சான்டா மோனிகாவுல மூடிக் கிடந்த ஒரு சினிமா ஸ்டுடியோவ புடிச்சு அதுக்குள்ள பிளேன் கட்டுனாரு, கட்டுனத ரோடு வழியா இழுத்துட்டு வந்து க்ளோவர் ஃபீல்டுல பறக்க விடுவாங்க. 1924 மார்ச்ல அமெரிக்க ராணுவத்துக்காக அவர் செஞ்ச நாலு பிளேன் இங்கேர்ந்து கிளம்பி சியாட்டில் போச்சு, அங்கேர்ந்து ஏப்ரல்ல உலகத்தச் சுத்தக் கிளம்புச்சு. ஒண்ணு அலாஸ்கா மலையில மோதிடுச்சு, ஒண்ணு அட்லாண்டிக் கடல்ல முங்கிடுச்சு, மிச்ச ரெண்டும் 175 நாள் கழிச்சு செப்டம்பர் 28ஆம் தேதி சுத்தி முடிச்சிடுச்சு. விமானத்துல உலகத்த முழுசா சுத்துனது அதுதான் முதல் தடவ. நடுவுல கல்கத்தாவுலயும் நின்னாங்க, அதுவரைக்கும் தண்ணியில இறங்குறதுக்கு மாட்டியிருந்த மிதவைகளக் கழட்டிட்டு அங்கதான் சக்கரம் மாட்டுனாங்க, அங்கேர்ந்து அலகாபாத் வழியா கராச்சி போனாங்க.

1929 ஆகஸ்ட்ல பெண்கள் மட்டும் ஓட்டுற விமான ரேஸ் இங்கேர்ந்துதான் கிளம்புச்சு, போய்ச் சேர வேண்டியது ஓஹாயோவுல க்ளீவ்லேண்ட். அமீலியா ஏர்ஹார்ட் பேரு எல்லாருக்கும் தெரியும், அவங்க அதுல மூணாவதுதான் வந்தாங்க, ஜெயிச்சது லூயிஸ் தேடன். பத்திரிகைக்காரங்க அந்த ரேஸுக்கு பவுடர் டப்பா பஞ்சு வச்சு கிண்டலா பேர் வச்சதெல்லாம் இப்போ படிச்சா எரிச்சலா இருக்கு, அந்த ரேஸ்ல ஒரு பொண்ணு உசுரையே விட்டிருக்கு.

அப்புறம் டிசி-3 வந்துச்சு, அப்புறம் போர். பல்லாயிரம் பேர் ஷிஃப்ட் போட்டு வேலை பாத்தாங்க அந்த டக்ளஸ் ஃபேக்டரில. பேர்ல் ஹார்பருக்கு அப்புறம் ஜப்பான்காரன் இங்கயும் குண்டு போடுவானோன்னு பயம், அதனால என்ன பண்ணாங்கன்னா மொத்த ஃபேக்டரியையும் ஏர்போர்ட்டையும் கோழிக்கூண்டுக்குப் போடுற கம்பி வலையால மூடி, அதுக்கு மேல பொய்யா வீடு, பொய்யா மரம், பொய்யா தெரு எல்லாம் கட்டி, மேலேர்ந்து பாத்தா சாதாரண குடியிருப்பு மாதிரி தெரியற மாதிரி செட்டு போட்டாங்க, ஹாலிவுட் செட்டு போடுற ஆளுங்களே வந்து உதவி பண்ணாங்க. எவ்ளோ நல்லா போட்டாங்கன்னா சொந்த பைலட்டுங்களுக்கே ஏர்போர்ட் எங்க இருக்குன்னு தெரியல, ரன்வே முனையில ஆள நிறுத்தி சிவப்புக் கொடி ஆட்ட வேண்டியதாப் போச்சு.

இதுல நான் சொல்ல வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த ஏர்போர்ட்ட சுத்தி நிஜ வீடுங்க எப்படி வந்துச்சு? ஃபேக்டரில வேலை பாத்தவங்களுக்காக வந்துச்சு. வேலைக்குப் போக வசதியா பக்கத்துலயே வீடு கட்டுனாங்க, ஸ்கூல் வந்துச்சு, கடை வந்துச்சு, ரன்வே முனைக்கும் வீட்டு காம்பவுண்டுக்கும் சில நூறு அடிதான் இடைவெளின்னு ஆகிப்போச்சு. அப்போ பிளேன் சத்தம்னா அது அப்பா சம்பளத்தோட சத்தம், யாரும் குறை சொல்லல.

ஜெட் யுகம் வந்தப்போதான் பிசகுச்சு. டிசி-8ங்கிற பெரிய ஜெட்ட கட்டணும், அதுக்கு நீள ரன்வே வேணும், கொஞ்சம் வீடுங்கள எடுத்து நீட்டிக் குடுங்கன்னு டக்ளஸ் கேட்டாரு, ஊர் முடியாதுன்னுடுச்சு. கம்பெனி டிசி-8 வேலைய லாங் பீச்சுக்கு கொண்டுபோச்சு, 1958ல அங்கதான் அது பறந்துச்சு, சான்டா மோனிகா ஃபேக்டரி தேஞ்சுக்கிட்டே வந்து 1975ல மொத்தமா மூடிட்டாங்க. சம்பளம் போயிடுச்சு, சத்தம் மட்டும் தங்கிடுச்சு. ஏன்னா ஃபேக்டரி போன இடத்துக்கு தனியார் ஜெட்டு வர ஆரம்பிச்சிடுச்சு.

சரி, ஃபேக்டரியும் இல்ல ஏர்லைனும் இல்ல, அப்புறம் எதுக்கு அந்த ஏர்போர்ட்? இங்கதான் இதோட பங்கு என்னன்னு பாக்கணும்.

சான்டா மோனிகாவுக்குத் தெற்க, ஒரு எட்டு ஒம்போது கிலோமீட்டர்ல லாஸ் ஏஞ்சல்ஸோட பெரிய ஏர்போர்ட் இருக்கு. செஸ்னா மாதிரி குட்டி பிளேன் எல்லாம் அங்கயே போய் இறங்குனா என்ன ஆகும்? பெரிய ஜெட் போற வழில அதோட ரெக்கை முனையிலேர்ந்து காத்து சுழல் சுழலா கிளம்பும், குட்டி பிளேன் அதுல மாட்டுனா அப்படியே பொரட்டிப் போட்டுடும், அதனால நடுவுல நல்ல இடைவெளி விடணும். செஸ்னா வேகமும் கம்மி, மணிக்கு 220 கிலோமீட்டர் அளவுலதான் போகும். ஜிஎஸ்டி ரோட்டுல நடுவுல மாட்டுவண்டி போனா பின்னாடி வர்றவன் என்ன பண்ணுவான், அதே நிலைமை. அதனால பெரிய ஏர்போர்ட்டோட பாரத்தக் குறைக்கிறதுக்குன்னே பக்கத்துல இருக்குற சின்ன ஏர்போர்ட்டுங்களுக்கு அரசாங்கம் தனியா ஒரு வகை வச்சு பணம் குடுக்குது. அங்க ஒரு வேடிக்கை என்னன்னா குட்டி பிளேன் அந்தப் பெரிய ஏர்போர்ட்டோட தலைக்கு நேர் மேலயே குறுக்க போகலாம், அதுக்குன்னு ஒரு பாதை போட்டு வச்சிருக்காங்க, 3500 அடில ஒரு திசை, 4500 அடில எதிர் திசை. கீழ ஏர்லைன் ஜெட்டுங்க இறங்கிக்கிட்டும் ஏறிக்கிட்டும் இருக்கும், மேல இவங்க ஹாயா போவாங்க.

அடுத்தது பயிற்சி. அமெரிக்காவுல சொந்தமா ஓட்ட லைசென்ஸ் வாங்கவே குறைஞ்சது 40 மணி நேரம் பறந்திருக்கணும், ஏர்லைன்ல பைலட்டா உக்காரணும்னா பொதுவா 1500 மணி நேரம். இந்த 1500ஐ யாரு எங்க சேக்குறது? பெரிய ஏர்போர்ட்ல போய் இறங்கி ஏறி இறங்கி ஏறி பழக முடியுமா? அந்த மணி நேரம் எல்லாம் சின்ன ஏர்போர்ட்டோட ரன்வேலதான் சேருது, கத்துக்கிட்டவங்களே அடுத்த பசங்களுக்கு வாத்தியாரா இருந்து மிச்ச மணிய சேத்துக்குவாங்க. நம்ம ஊர்லேர்ந்து லோன் போட்டு பைலட் ஆகணும்னு அமெரிக்கா போற பசங்க போய் நிக்கிறதும் இந்த மாதிரி இடத்துலதான்.

நோயாளிங்கள இலவசமா கூட்டிட்டுப் போற ஒரு தொண்டு அமைப்பு கூட சான்டா மோனிகா ஏர்போர்ட்லயே ஆபீஸ் வச்சிருக்கு, ஏஞ்சல் ஃப்ளைட் வெஸ்ட்னு பேரு. தூரமா கிராமத்துல இருக்குறவங்க கேன்சர் ட்ரீட்மெண்ட்டுக்கு சிட்டி ஆஸ்பத்திரிக்கு வரணும்னா பைலட்டுங்க சொந்த பிளேன்ல, சொந்த பெட்ரோல் செலவுல கூட்டிட்டு வருவாங்க.

பெட்ரோல்னு சொன்னதும் எஃப்பிஓ, அதாவது ஃபிக்ஸ்டு பேஸ் ஆபரேட்டர் பத்தி சொல்லிடறேன், இந்த உலகத்துல அடிக்கடி காதுல விழற வார்த்தை. பிளேனுக்கு எண்ணெய் போடுறது, நிறுத்த இடம் குடுக்குறது, பைலட்டுக்கு காபி குடுக்குறது, எல்லாம் பாத்துக்குற கடை. முதல் உலகப்போர் முடிஞ்சு வேலையில்லாம இருந்த விமானிங்க ஊர் ஊரா போய் சர்க்கஸ் காட்டி பிழைச்சாங்க, 1926ல சட்டம் வந்து கெடுபிடி ஆனதும் சில பேரு ஒரே ஊர்ல நிலையா கடை போட்டு உக்காந்தாங்க, அந்த "நிலையா உக்காந்தவங்க"ங்கிற அர்த்தத்துலதான் அந்தப் பேரே வந்துச்சு.

இப்போ எதிர்க்கட்சி. பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நான் பிளேன் பைத்தியமா இருந்தாலும் ஒத்துக்கிறேன். சத்தம் ஒண்ணு. ரெண்டாவது ஈயம். குட்டி பிளேன் பிஸ்டன் இன்ஜினுக்கு ஊத்துற பெட்ரோல்ல இன்னும் ஈயம் கலக்குறாங்க, லிட்டருக்கு அரை கிராமுக்கு மேலயே இருக்கலாம், பேரு என்னமோ "குறைஞ்ச ஈயம்". நம்ம நாட்டுல கார் பெட்ரோல்ல ஈயத்த 2000லயே நிறுத்தியாச்சு. பிளேன்ல ஏன் நிறுத்தலன்னா சக்தி அதிகமா எடுக்குற இன்ஜின்ல பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்துல வெடிக்காம இருக்க ஈயம் உதவுது, நடுவானத்துல இன்ஜின் முக்குனா ஓரம் கட்ட முடியாதுல்ல. மாத்து பெட்ரோல் வந்துக்கிட்டு இருக்கு, ஆனா ரொம்ப மெதுவா.

மூணாவது விபத்து பயம். அங்க ரன்வே பேரு 21, அதாவது காம்பஸ்ல 210 டிகிரி, கடைசி சைபர வெட்டிட்டு எழுதுவாங்க, எதிர்ப்பக்கமா பாத்தா அதே ரன்வே 03. கடல் காத்து வர்றதால பெரும்பாலும் 21 பக்கமாத்தான், கடலப் பாத்து கிளம்புவாங்க, கிளம்புன உடனே கீழ ஒரு கோல்ஃப் மைதானம், அதத் தாண்டி வீடுங்க. 2015 மார்ச்ல நடிகர் ஹாரிசன் ஃபோர்ட் போர்க்காலத்து பழைய பயிற்சி பிளேன் ஒண்ண ஓட்டிட்டுக் கிளம்பி இன்ஜின் சக்தி போயி அந்த கோல்ஃப் மைதானத்துலதான் விழுந்தாரு, கார்புரேட்டருக்குள்ள ஒரு சின்ன பார்ட் லூஸ் ஆயிருந்துச்சு. ஆளு பொழச்சுட்டாரு. கொஞ்சம் முன்ன பின்ன ஆகியிருந்தா யாரோ ஒருத்தர் வீட்டுக் கூரை.

ஊர்க்காரங்க மூடணும்னா மூடிட வேண்டியதுதானே, நிலம் அவங்களுதுதானேன்னு நீங்க கேக்கலாம். அங்கதான் சிக்கல். போர் நேரத்துல மத்திய அரசாங்கம் ஏர்போர்ட்ட வாடகைக்கு எடுத்து நடத்துச்சு, 1948ல திருப்பிக் குடுக்கும்போது "இது ஏர்போர்ட்டாவே இருக்கணும்"னு எழுதி வாங்கிட்டுதான் குடுத்தாங்க. அது என்னைக்கும் செல்லும்னு விமானத்துறை சொல்லுச்சு, வாடகைக்கு விட்ட எங்க நிலத்துக்கு எங்களுக்கே நிபந்தனையான்னு ஊர் கேட்டுச்சு. அது போக விமானத்துறை மானியம் ஒரு தடவ வாங்கிட்டா பொதுவா 20 வருஷம் மூடக்கூடாது, அந்தப் பணத்துல ரன்வேக்கு தார் போட்டிருப்பாங்க, அந்த தாரே விலங்காயிடும். ஊர் ஜெட்டுக்குத் தடை போட்டுப் பாத்துச்சு, 1979ல கோர்ட் செல்லாதுன்னுடுச்சு. 1984ல ஒரு ராஜி ஒப்பந்தம் போட்டாங்க, ராத்திரி 11 மணிக்கு மேல கிளம்பக்கூடாது, சத்தம் 95 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு. 2008ல வேகமான ஜெட்டுக்கு மறுபடி தடை, மறுபடி கோர்ட்ல தோல்வி.

சிகாகோ மேயர் பண்ணது இதுக்கு நேர் எதிர். அங்க ஏரி ஓரமா மெய்க்ஸ் ஃபீல்டுன்னு ஒரு குட்டி ஏர்போர்ட் இருந்துச்சு, பழைய கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஆடுனவங்களுக்கு ஞாபகம் இருக்கும், கேம திறந்ததும் நம்ம பிளேன் நிக்கிற ரன்வே அதுதான். 2003 மார்ச் 30 ராத்திரி மேயர் டேலி புல்டோசர அனுப்பி ரன்வேல பெருசு பெருசா எக்ஸ் போட்டு வெட்டிட்டாரு, நின்ன 16 பிளேன் மாட்டிக்கிச்சு, அப்புறம் பக்கத்துல டாக்ஸிவேன்னு ரன்வேக்கு பிளேன் உருண்டு போற பாதை இருக்குமே, அதுல ஓட்டித்தான் வெளிய கொண்டுபோனாங்க. விமானத்துறை போட்ட ஃபைன் 33,000 டாலர். அங்க ஒரு வீட்டோட கார் ஷெட்டு கூட அந்த விலைக்கு வராது. இப்போ அந்த இடம் பார்க்.

சான்டா மோனிகா அந்த வழிக்குப் போகல, 2017 ஜனவரில விமானத்துறையோட உக்காந்து பேசி முடிச்சிட்டாங்க. 2028 டிசம்பர் 31 வரைக்கும் ஏர்போர்ட்ட நடத்தணும், அதுக்கப்புறம் ஊர் மூடிக்கலாம். நடுவுல ரன்வேய வெட்டிக்கலாம். அதே வருஷம் டிசம்பர்ல 4973 அடி ரன்வேய 3500 அடியா குறைச்சிட்டாங்க. ஒரு செஸ்னா 172 கிளம்ப 3500 அடி தாராளம், அதுல பாதி போதும். பெரிய ஜெட்டுக்குப் பத்தாது. கோர்ட்ல முப்பது நாப்பது வருஷமா ஜெட்ட தடை பண்ண முடியாதவங்க ரன்வேய வெட்டி பாதிக்கு மேல அனுப்பிட்டாங்க, இது எனக்குப் புடிச்ச இடம், சட்டம் பேசாம கடப்பாரைய பேச விட்டுட்டாங்க.

மூடுனப்புறம் அந்த 227 ஏக்கர்ல என்ன வரணும்னு இப்போ அடுத்த சண்டை. 2014ல ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டு பார்க்கும் மைதானமும்தான் வரணும், வேற எது கட்டுனாலும் மறுபடி எங்களக் கேக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க. 1926ல பார்க் பணத்துல வாங்குனது கடைசில பார்க்காவே ஆகப்போகுது. ஆனா அந்த ஊர்ல வாடகை ஆகாசத்துல நிக்குது, வீடு கட்டுங்கய்யான்னு இன்னொரு கூட்டம் கேக்குது. ஏர்போர்ட் ஓரத்துல மியூசியம் முன்னாடி ஒரு டிசி-3ய காட்சிக்கு வச்சிருக்காங்க, சண்டைக்கு சம்பந்தமில்லாம அது பாட்டுக்கு பளபளன்னு நிக்குது. செஸ்னா வச்சிருக்குறவங்க இப்பவே வேற ஏர்போர்ட்ல ஷெட்டுக்கு சொல்லி வைக்கிறாங்க. ஜெட்டெல்லாம் மலைக்கு அந்தப்பக்கம் வேன் நைஸ் ஏர்போர்ட்டுக்குப் போயிடுச்சு, அங்க ரன்வே 8000 அடி. சத்தம் தாங்கலன்னு அந்த ஊர்க்காரங்க மீட்டிங் மீட்டிங்கா போய் கத்த ஆரம்பிச்சிட்டாங்க.